செனிகா ஃபால்ஸ் பிரகடனம்: உறவுவழி ஒரு விளக்கவுரை

1848 ஜூலை 19, 20 தேதிகளில் நியூயார்க் மாநிலத்தின் செனிகா ஃபால்ஸ் என்ற சிற்றூரில், வெஸ்லியன் தேவாலயத்தில் ஏறத்தாழ 300 பேர் கூடினார்கள். பெண்களின் உரிமைகளுக்காக அமெரிக்காவில் கூட்டப்பட்ட முதல் மாநாடு அது. அங்கே வாசித்து ஏற்கப்பட்ட அறிக்கைக்கு உணர்வுகளின் பிரகடனம் என்று பெயர். அதை எழுதியதில் பெரும்பங்கு 32 வயதான எலிசபெத் கேடி ஸ்டான்டனுடையது. அப்போது அவர் மூன்று ஆண்பிள்ளைகளின் தாய். அந்த ஊருக்குக் குடிவந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது.

பிரகடனத்தின் நடு உடல் முழுவதும் ஒரே அச்சில் வார்த்த வாக்கியங்கள். அவன் இதைப் பறித்தான், அவன் அதை மறுத்தான், அவன் இந்தக் கதவைச் சாத்தினான் என்று குற்றச்சாட்டுகள் வரிசையாக வருகின்றன. 1776 சுதந்திரப் பிரகடனத்தில் அந்த 'அவன்' இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜ். இங்கே ஆண் என்ற இனம் முழுவதும். பொதுவாக எல்லாரும் இப்படித்தான் பொருள் கொள்கிறார்கள், அது சரியும்கூட. ஆனால் ஸ்டான்டனின் குடும்பத்தை அறிந்துகொண்டு மறுபடி வாசித்தால் அந்த 'அவன்' பல இடங்களில் அடையாளம் தெரிந்த மனிதராகிவிடுகிறார். ஒரு வரியில் தந்தை, ஒரு வரியில் இறந்துபோன அண்ணன், இன்னொன்றில் கணவர். அவர்கள் யாரும் கொடியவர்கள் அல்லர். எலிசபெத் நேசித்தவர்கள், எலிசபெத்தை நேசித்தவர்கள். நல்ல மனிதர்களின் வீட்டுக்குள்ளேயே இத்தனை அநீதி சட்டப்படி நடக்க முடியும் என்பதை நேரில் கண்டவர் எழுதிய ஆவணம் இது. அந்த உறவுகளை உடன் வைத்துக்கொண்டுதான் இந்த உரை பகுதி பகுதியாகச் செல்கிறது.

முகப்பு

ஆண்கள் மட்டுமல்ல, பெண்களும் சமமாகவே படைக்கப்பட்டவர்கள். பறிக்க முடியாத உரிமைகள் இருபாலருக்கும் உண்டு. அவற்றைக் காக்கத் தவறும் அரசுக்குக் கட்டுப்பட மறுக்கும் உரிமையும் உண்டு என்று முகப்புப் பகுதி சொல்கிறது. 1776 பிரகடனத்தின் தொடக்கத்தை எடுத்துக்கொண்டு, உரிய இடத்தில் பெண்களைச் சேர்த்திருக்கிறார்கள்.

இதை வெறும் உத்தி என்று கடந்துபோகக் கூடாது. எலிசபெத்தின் தாய் மார்கரெட், நியூயார்க்கின் பழம்பெரும் நிலவுடைமைக் குலமான லிவிங்ஸ்டன் குலத்தவர். 1776 பிரகடனத்தை வரையக் காங்கிரஸ் நியமித்த ஐவர் குழுவில் ஒருவர் ராபர்ட் ஆர். லிவிங்ஸ்டன். அதில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் பிலிப் லிவிங்ஸ்டன். மார்கரெட்டின் தந்தை கர்னல் ஜேம்ஸ் லிவிங்ஸ்டன் விடுதலைப் போரில் கியூபெக்கிலும் சரட்டோகாவிலும் படை நடத்தியவர். 1780இல் ஹட்சன் ஆற்றில் நின்ற 'வல்ச்சர்' என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலைப் பீரங்கியால் சுட்டு விரட்டியதும் அவர் படைதான். அந்தக் கப்பலில் திரும்ப வேண்டிய ஆங்கிலேய உளவு அதிகாரி ஆந்த்ரே கரையில் சிக்கிக்கொண்டார். அதனால் அமெரிக்கத் தளபதி பெனடிக்ட் ஆர்னால்டின் துரோகம் வெளிச்சத்துக்கு வந்தது.

ஆக, எலிசபெத் எடுத்தாண்டது தாய்வழிச் சொந்தங்கள் வரைவிலும் கையெழுத்திலும் போர்க்களத்திலும் பங்கு கொண்ட ஆவணத்தை. என் குலத்தார் கேட்டுப் பெற்றதில் என் பங்கு எங்கே என்று வாரிசு கேட்கும் குரல் அந்த முகப்பில் இருக்கிறது. கெஞ்சல் அதில் எங்குமே இல்லாததற்கு இந்தப் பிறப்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

வாக்குரிமை, சட்டம்

முதல் குற்றச்சாட்டு, வாக்களிக்கும் உரிமையைப் பெண் ஒருபோதும் பயன்படுத்த விடப்படவில்லை என்பது. இரண்டாவது, தான் குரல் கொடுத்து உருவாக்காத சட்டங்களுக்கு அவள் கட்டுப்பட வேண்டியிருக்கிறது என்பது. இந்த வரிசைக்கு ஒரு காரணம் உண்டு. அது ஜான்ஸ்டவுன் என்ற ஊரில், எலிசபெத்தின் தந்தை டேனியல் கேடியின் வக்கீல் அலுவலகத்தில் கிடைக்கிறது.

டேனியல் கேடி பெரிய வழக்கறிஞர். எலிசபெத் பிறந்த 1815இல் காங்கிரஸ் உறுப்பினரானார். 1847 முதல் 1855 வரை மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தார். அவரது அலுவலகம் வீட்டை ஒட்டியே இருந்தது. சட்டம் பயில வந்த இளைஞர்கள் அங்கேயே இருப்பார்கள். சிறுமி எலிசபெத் ஒரு மூலையில் உட்கார்ந்து, கட்சிக்காரர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அப்படி வந்தவர்களில் ஒருத்தி ஃப்ளோரா கேம்பல். கேடி குடும்பத்துக்குக் கோழியும் காய்கறியும் கொண்டுவந்து கொடுத்த விதவை. அவள் பணத்தில் வாங்கிய பண்ணையைக் கணவன் உயிலில் மகனுக்கு எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டான். கேடி புத்தக அலமாரியிலிருந்து கனத்த நூல் ஒன்றை எடுத்து, உரிய பக்கத்தைக் காட்டி, தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

சிறுமி அந்தப் பக்கங்களில் பென்சிலால் குறியிட்டு வைத்தாள். ஆள் இல்லாத நேரம் பார்த்து அவற்றைப் புத்தகங்களிலிருந்து வெட்டி எடுத்துவிடுவது அவள் திட்டம். ஃப்ளோராவிடமும் அதைச் சொல்லிவிட்டாள். செய்தி தந்தையின் காதுக்குப் போனது. அவர் கோபப்படவில்லை. என் நூலகம் முழுவதும் எரிந்தாலும் சட்டம் அப்படியேதான் இருக்கும். வேறு வக்கீல்களிடமும் இதே நூல்கள் உண்டு. நீ வளர்ந்த பிறகு மாநிலத் தலைநகர் ஆல்பனிக்குப் போய்ச் சட்டமன்றத்தில் பேசி மாற்ற வேண்டும் என்று எடுத்துச் சொன்னார்.

சட்டம் புத்தகத்தில் இல்லை, ஆல்பனியில் இருக்கிறது. ஆல்பனிக்கு ஆள் அனுப்புவது வாக்கு. அதனால்தான் வாக்குரிமை முதலில் நிற்கிறது. சொத்தும் மணவாழ்வும் கல்வியும் அதன்பின் வருகின்றன. மற்ற பெண் தலைவர்கள் பலருக்கு இது உடனே பிடிபடவில்லை. வாக்குரிமைக் கோரிக்கை நம்மைக் கேலிக்கு ஆளாக்கிவிடும் என்று லுக்ரீஷியா மாட் அஞ்சினார். மாநாட்டின் தீர்மானங்களில் முழு உடன்பாடு இல்லாமல் போனதும் வாக்குரிமை கோரிய ஒன்பதாவது தீர்மானம் மட்டுமே. கறுப்பினத் தலைவர் ஃபிரெடரிக் டக்ளஸ் எழுந்து ஆதரித்துப் பேசியதால் அது தப்பியது. வக்கீல் வீட்டில் வளராத ஒருவர் இந்த வரிசையைப் பிடித்து நின்றிருப்பாரா என்பது ஐயமே.

அடுத்த வரி: ஒரு கறை

உள்நாட்டவரோ வெளிநாட்டவரோ, மிகவும் அறியாமையில் கிடக்கும் இழிந்த ஆண்களுக்குக்கூடக் கொடுத்த உரிமைகளை அவளுக்கு மறுத்திருக்கிறான் என்று மூன்றாவது குற்றச்சாட்டு. இந்த வரி என்னை ஒவ்வொரு முறையும் தடுத்து நிறுத்துகிறது. எல்லாரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று தொடங்கிய ஆவணம், சில வரிகள் தாண்டியதும் மனிதர்களைத் தரம் பிரிக்கிறது.

இதற்கும் வீட்டில்தான் வேர். கேடி வீட்டில் பீட்டர் டீபவுட் என்ற கறுப்பின மனிதர் இருந்தார். சிறுமிகளை நீதிமன்றத்துக்கும் சந்தைக்கும் தேவாலயத்துக்கும் கூட்டிப்போனவர் அவர். தேவாலயத்தில் கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கிய பலகையில் அவரோடுதான் எலிசபெத் உட்கார்ந்தார். தன் நினைவுக்குறிப்புகளில் அவரைப் பற்றிப் பாசத்தோடு எழுதியிருக்கிறார். ஆனால் அந்த வீட்டில் பீட்டர் அடிமையாக இருந்தவர். நியூயார்க்கில் அடிமைமுறை முழுவதுமாக ஒழிந்தது 1827இல்தான். அப்போது எலிசபெத்துக்கு 11 வயது. தந்தையின் அலுவலகத்தில் ஃப்ளோராவின் கண்ணீரைப் பார்த்த கண்கள், அதே வீட்டில் பீட்டரின் நிலையை அதன் பெயர் சொல்லி எழுதவில்லை.

இந்த ஒரு வரி பின்னாளில் வளர்ந்து பெரும் பிளவானது. அமெரிக்க அரசமைப்பின் 15ஆம் திருத்தம் கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை தந்து பெண்களை விட்டுவிட்டபோது, ஸ்டான்டன் அதைக் கடுமையாக எதிர்த்தார். அந்த நாட்களில் அவர் எழுதியவற்றில் இனவெறி கலந்த வரிகள் உண்டு. சொந்தத்திலும் அது விரிசல் விட்டது. பெரியம்மா மகன் கெரிட் ஸ்மித், கறுப்பினத்தவரின் கோரிக்கையோடு பெண்களின் கோரிக்கையைச் சேர்த்துச் சுமத்த வேண்டாம் என்று, பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட மனுவில் கையெழுத்திட மறுத்தார். 1869 ஜனவரியில் தன் ஏட்டில் அவரைப் பெயர் சொல்லியே ஸ்டான்டன் கண்டித்தார். அண்ணன் முறையான அந்த மனிதர், நியூயார்க்கின் கறுப்பினத்தவர் 3,000 பேருக்குச் சொந்த நிலத்தைப் பகிர்ந்தளிக்க முன்வந்தவர். அடிமைமுறைக்கு எதிரான ஜான் பிரவுனின் கிளர்ச்சிக்குப் பணம் கொடுத்தவர். அந்தச் சண்டையில் நியாயத்தின் பெரும்பகுதி கெரிட் பக்கம் இருந்தது என்றே நான் கருதுகிறேன்.

சட்டத்தின் கண்ணில் இறந்தவள்

மணமான பெண்ணைச் சட்டத்தின் கண்ணில் இறந்தவளாக்கிவிட்டான். சொத்தில் அவளுக்கிருந்த உரிமை முழுவதையும், அவள் உழைத்துச் சம்பாதிக்கும் கூலியையும்கூட எடுத்துக்கொண்டான் என்று அடுத்து வரும் இரண்டு குற்றச்சாட்டுகள். பிரகடனத்தின் இதயம் இதுதான்.

ஒரு கிறிஸ்துமஸ் சமயம் எலிசபெத் புதிதாகக் கிடைத்த பவள மாலையை அலுவலகத்து மாணவர்களிடம் காட்டியிருக்கிறாள். அவர்களில் ஒருவர் ஹென்றி பேயார்ட். மூத்த அக்கா டிரைஃபீனாவின் கணவர் எட்வர்ட் பேயார்டின் தம்பி. டெலவேரிலிருந்து அமெரிக்க செனட்டராக இருந்தவரின் மகன். இவளை நான் கல்யாணம் செய்துகொண்டால் இந்த மாலை எனக்குச் சொந்தம், நான் நினைத்தால் இதை விற்றுச் சுருட்டு வாங்கி ஊதித் தீர்த்துவிடலாம் என்று அவர் சீண்டினார். அவருக்கு அது விளையாட்டு. ஆனால் சொன்னதில் ஒரு சொல்லும் மிகை இல்லை, சட்டம் அதுதான்.

இங்கே கவனமாக வாசிப்பவருக்கு ஒரு கேள்வி எழ வேண்டும். மணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டம் நியூயார்க்கில் 1848 ஏப்ரல் 7ஆம் தேதியே நிறைவேறிவிட்டது. பிரகடனமோ மூன்று மாதம் கழித்து ஜூலையில். பிறகும் ஏன் இந்தக் குற்றச்சாட்டு?

அந்தச் சட்டம் எதைக் காத்தது என்று பார்க்க வேண்டும். பெண் மணத்தின்போது கொண்டுவரும் சொத்து, பிறகு வாரிசாகவோ கொடையாகவோ அவளுக்கு வந்து சேரும் சொத்து, இவை அவளுடையவையாகவே இருக்கும். கணவனின் கடனுக்காக அவற்றைப் பிடிக்க முடியாது. சட்டத்தை ஆதரித்தவர்களில் சொத்துள்ள தந்தைகள் பலர் இருந்தார்கள். தாம் பாடுபட்டுச் சேர்த்தது மருமகனின் கடன்காரர்களுக்குப் போய்விடக் கூடாது என்பது அவர்கள் கவலை. டேனியல் கேடி போன்ற ஒருவருக்கு இது நன்றாகவே புரியும். ஐந்து பெண்கள், உயிரோடு ஒரு மகன்கூட இல்லை. செனிகா ஃபால்ஸில் எலிசபெத் குடியிருந்த வீடும் தந்தையின் வழியாக வந்ததுதான்.

ஆனால் அந்தச் சட்டம் கூலியைத் தொடவில்லை. தையல் வேலை செய்பவளின் கூலியும் வீட்டு வேலைக்காரியின் சம்பளமும் அவள் மணமானவளாக இருந்தால் கணவனுடையதாகவே நீடித்தன. கூலியையும்கூட என்று பிரகடனம் சேர்த்துச் சொல்வது இதனால்தான். சொத்துள்ள அப்பனுக்குப் பிறந்தவளுக்கு ஏப்ரலில் வழி பிறந்துவிட்டது. கைவேலையை மட்டும் நம்பியவளுக்குப் பிறக்கவில்லை. மாநாட்டில் கையெழுத்திட்டவர்களில் சார்லட் உட்வர்ட் என்ற இளம்பெண் வீட்டிலிருந்தபடி கையுறை தைத்துப் பிழைத்தவர். தன் வீட்டுப் பெண்களின் தேவை தீர்ந்த இடத்தோடு எலிசபெத் நின்றுவிடவில்லை. மூன்றாவது குற்றச்சாட்டைப் பற்றி மேலே நான் கடுமையாகச் சொன்னேன்; இந்த வரிக்கு அதே அளவு மதிப்பைத் தர வேண்டும். 1860 மார்ச்சில் ஸ்டான்டன் ஆல்பனி சட்டமன்றத்தில் பேசினார். அந்த ஆண்டு நிறைவேறிய சட்டம்தான் மணமான பெண்ணின் சம்பாத்தியத்தை அவளுக்கே உரியதாக்கியது.

தந்தை அவரை ஆல்பனிக்குப் போகச் சொன்னது என்ன ஆயிற்று? 1854இல் அங்கே சமர்ப்பிக்க மகள் ஓர் உரை தயாரித்தபோது, முதலில் அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினார். ஃப்ளோராவுக்குப் பக்கத்தைக் காட்டிய அதே மனிதர், உன் உரையில் உள்ளதைவிடக் கொடுமையான சட்டம் ஒன்றை நான் எடுத்துத் தருகிறேன் என்று நூலைத் திறந்தார் என்று ஸ்டான்டன் எழுதியிருக்கிறார். ஆனால் மகள் பொதுமேடை ஏறுவதை அவர் மனம் ஒப்பவே இல்லை. இந்த இரண்டும் ஒரே மனிதருக்குள் இருந்தன.

மணவாழ்வு

மண ஒப்பந்தத்தில் பெண் கணவனுக்குக் கீழ்ப்படிவதாக உறுதி சொல்ல வேண்டும். எல்லா வகையிலும் அவனே எசமானன். அவளை அடைத்துவைக்கவும் அடிக்கவும்கூடச் சட்டம் அவனுக்கு அதிகாரம் தருகிறது. மணமுறிவிலும் குழந்தைகள் யாரிடம் இருப்பது என்பதிலும் பெண்ணின் நலனை எண்ணிப் பார்க்கவே இல்லை. இவை அடுத்த குற்றச்சாட்டுகள்.

எலிசபெத்தின் சொந்த மணவாழ்வு இப்படிப்பட்டதல்ல. 1839இல் பீட்டர்போரோவில் கெரிட் ஸ்மித்தின் வீட்டில்தான் ஹென்றி ஸ்டான்டனைச் சந்தித்தார். அடிமைமுறை எதிர்ப்பு மேடைகளில் புகழ்பெற்ற பேச்சாளர் அவர். அந்த ஆண்டு அக்டோபரில், தப்பி வந்த ஹாரியெட் பவல் என்ற அடிமைப் பெண்ணை அந்த வீட்டு மாடியில் ஒளித்துவைத்திருந்தார்கள். கெரிட் இளம்பெண்களை மேலே அழைத்துப்போய் அவள் கதையை அவள் வாயாலேயே கேட்க வைத்தார். தந்தையின் எதிர்ப்பை மீறி 1840 மே 1 அன்று எலிசபெத் ஹென்றியை மணந்தார். கீழ்ப்படிவேன் என்ற உறுதிமொழியைச் சடங்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். அங்கிருந்து லண்டன் உலக அடிமைமுறை எதிர்ப்பு மாநாட்டுக்கு. கடல் கடந்து வந்த பெண் பிரதிநிதிகளை அங்கே திரைக்கு அப்பால் உட்காரவைத்தார்கள். லுக்ரீஷியா மாட்டின் நட்பு அங்கே கிடைத்தது.

இவ்வளவு முற்போக்கான கணவர், 1848 மாநாடு நடந்த இரண்டு நாளும் ஊரில் இல்லை. மனைவி கேட்கும் உரிமைகளில் பலவற்றை ஒப்புக்கொண்டவருக்கு வாக்குரிமை தொண்டையில் சிக்கியது. அடுத்த ஆண்டு மாநில செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதன்பின் பல ஆண்டுகள் அவருக்கு வெளியூர் வேலை. எலிசபெத்துக்கு வீடும் ஏழு பிள்ளைகளும்.

அடுத்து, மணமாகாத பெண்ணுக்குச் சொத்து இருந்தால் வரி வாங்கும் அரசு, வேறு எதற்கும் அவளைக் கணக்கில் எடுப்பதில்லை என்ற குற்றச்சாட்டு. பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை என்ற விடுதலைப் போர்க் காலத்து வாதம் அதில் மறுபடி வருகிறது. கர்னல் ஜேம்ஸின் பேத்திக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை.

கல்லூரிக் கதவு

முழுமையான கல்வி பெறும் வசதியை அவளுக்கு மறுத்துவிட்டான். எல்லாக் கல்லூரிகளும் அவளுக்கு மூடிக்கிடக்கின்றன என்கிறது பிரகடனம். எல்லாக் கல்லூரிகளும் என்பது துல்லியமில்லை. ஓஹாயோவின் ஓபர்லின் 1837இலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் அந்த வரியை எழுதிய கைக்கு நினைவில் இருந்தது வேறு ஒரு கல்லூரி.

எலிசபெத்தின் அண்ணன் எலியாசர், பெற்றோரின் ஆண்மக்களில் வளர்ந்து ஆளான ஒரே ஒருவர். யூனியன் கல்லூரியில் படிப்பை முடித்த கையோடு 1826இல், இருபது வயதில் இறந்தார். இருட்டடித்த கூடத்தில் சவப்பெட்டியின் அருகே தந்தை உட்கார்ந்திருந்தார். எலிசபெத் போய் அவர் மடியில் ஏறி, தலையை அவர் மார்பில் சாய்த்துக்கொண்டாள். நீண்ட நேரம் கழித்து அவர் பெருமூச்சு விட்டு, நீ ஆணாகப் பிறந்திருக்கக் கூடாதா மகளே என்றார்.

அண்ணனின் இடத்தை நிரப்புவதென்று சிறுமி முடிவு செய்தாள். குதிரை ஏறக் கற்றாள். பக்கத்து வீட்டுப் பாதிரியார் சைமன் ஹோசாக்கிடம் கிரேக்கம் கற்றாள். பள்ளியில் பையன்களோடு போட்டியிட்டுக் கிரேக்கத்தில் பரிசு வாங்கி, ஓடிவந்து அப்பாவின் மேசையில் வைத்தாள். அவர் மகிழ்ந்தார், நெற்றியில் முத்தமிட்டார், பிறகு அதே ஏக்கத்தைத்தான் மறுபடி சொன்னார். கூடப் படித்த பையன்கள் யூனியன் கல்லூரிக்குப் போனார்கள். எலிசபெத் டிராய் நகரில் எம்மா வில்லர்டின் பெண்கள் பள்ளிக்குப் போனார். ஹோசாக் இறந்தபோது தன் கிரேக்க அகராதியையும் இலக்கண நூலையும் புதிய ஏற்பாட்டையும் அவருக்கு உயில் எழுதிவைத்திருந்தார்.

இறையியல், மருத்துவம், சட்டம் ஆகியவற்றில் ஆசிரியையாகப் பெண்ணின் பெயரைக் கேட்டதே இல்லை என்ற வரியையும் இதனோடு சேர்த்தே வாசிக்க வேண்டும். தந்தையின் அலுவலகத்தில் சட்டம் பயின்றவர்களின் வரிசையில் அக்கா கணவர் உண்டு; திருமணத்துக்குப் பிறகு ஹென்றியும் உண்டு. அந்த அறையில் வளர்ந்த மகள் மட்டும் இல்லை.

திருச்சபையில் பெண்ணைத் தாழ்த்திவைத்தது, ஆணுக்கொரு ஒழுக்கம் பெண்ணுக்கொரு ஒழுக்கம் என்று வகுத்தது, தன் ஆற்றலில் அவளுக்கிருந்த நம்பிக்கையைக் குலைத்தது என்று மீதிக் குற்றச்சாட்டுகள் விரைந்து செல்கின்றன. கடைசியாகச் சொன்னதற்கு அந்தக் கூடத்துக் காட்சியைத் தவிர வேறு உரை வேண்டியதில்லை.

கையெழுத்துகள்

பிரகடனத்தின் கீழே 68 பெண்களும் 32 ஆண்களும் கையெழுத்திட்டார்கள். இந்தப் பட்டியலும் குடும்பம் குடும்பமாகத்தான் இருக்கிறது. லுக்ரீஷியா மாட்டும் மார்த்தா ரைட்டும் உடன்பிறந்தவர்கள். வாட்டர்லூவில் மெக்ளின்டாக் வீட்டுக் கூடத்து மேசையில்தான் பிரகடனம் எழுதப்பட்டது; அந்த வீட்டில் தந்தை, தாய், மகள்கள் இருவர் கையெழுத்திட்டார்கள்.

எலிசபெத்தின் பக்கத்திலிருந்து யார்? கணவர் இல்லை, தந்தை இல்லை. அக்கா ஹாரியெட் கேடி ஈட்டன் இருந்தார். மாநாட்டின் முதல் நாள் காலை தேவாலயக் கதவு பூட்டிக் கிடந்தபோது, ஜன்னல் வழியாகத் தூக்கி உள்ளே இறக்கிக் கதவைத் திறக்கவைத்த சிறுவன் ஹாரியெட்டின் மகன்தான். பின்னாளில் யேல் கல்லூரியில் பேராசிரியரானவர். ஹாரியெட் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். பத்திரிகைகள் கேலி செய்யத் தொடங்கியதும் கணவரும் தந்தையும் நெருக்க, தன் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். தன் கையெழுத்தைக்கூடத் தன் விருப்பப்படி விட்டுவைக்க முடியாத நிலையைக் கண்டிக்கும் ஆவணத்திலிருந்து, அந்த நிலையாலேயே ஒரு பெயர் விலகியது.

எலிசபெத் அக்காவைப் பழிக்கவில்லை. அவருடைய பிள்ளைகளின் பெயர்களைப் பார்த்தால் யாரையும் அவர் விட்டுவிடவில்லை என்பது தெரியும். மூத்த மகன் டேனியல் கேடி, தந்தையின் பெயர். அடுத்து ஹென்றி, கணவர் பெயர். மூன்றாமவன் கெரிட் ஸ்மித். பிறகு வந்த மார்கரெட் லிவிங்ஸ்டன், தாயின் பெயர். 1856இல் பிறந்த இரண்டாவது மகளுக்கு ஹாரியட் ஈட்டன் என்று அக்காவின் பெயரையே வைத்தார்.

அந்த ஹாரியட் ஸ்டான்டன் பிளாட்ச், தாயும் அவருடைய போராட்டத் தோழி சூசன் அந்தனியும் எழுதிய பெண் வாக்குரிமை வரலாற்றில், அந்தப் பிளவில் எதிரணியில் நின்ற வாக்குரிமை அமைப்பின் பணிக்கும் இடம் வேண்டும் என்று வலியுறுத்தி, அந்த அத்தியாயத்தைத் தானே எழுதிச் சேர்த்தார். தாய் 1902இல் இறந்த பிறகு, நியூயார்க்கின் ஆலைப் பெண்களையும் ஆசிரியைகளையும் ஒரே அமைப்பில் திரட்டித் தெருவில் ஊர்வலம் நடத்தினார். நியூயார்க் மாநிலம் 1917இல் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. 1920இல் 19ஆம் திருத்தம் அதை நாடு முழுவதற்கும் ஆக்கியது.